இரண்டாம் முறை அடித்த கூட்டக் குறிப்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குத் தட்டச்சு வேலை. எந்த மருத்துவர் அங்கே நோயாளிகளைச் சேர்த்து வைத்தியம் பார்க்கலாம் என்று முடிவுசெய்ய ஒரு குழு இருந்தது. அதற்குக் கூட்டக் குறிப்பு எழுதுவது நான். அரசாங்கம் காசை வெட்டிக்கொண்டிருந்த காலம். மாடி மாடியாக நோயாளர் கட்டில்களைக் குறைத்தார்கள்.

அஜின்கோர்ட்டில் கிளினிக் வைத்திருந்த எங்கள் டொக்டர் அக்கா ஒருவர் விண்ணப்பித்தார். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் வேலை செய்துவிட்டு, இங்கே எல்லாப் பரீட்சைகளையும் முதலில் இருந்து எழுதித் தேறியவர். படிவத்தின் கடைசிப் பக்கத்தில், உங்கள் நோயாளிகள் சராசரியாக எத்தனை நாள் தங்குவார்கள் என்று ஒரு கேள்வி. நாள் கூடினால் ஆஸ்பத்திரிக்குச் செலவு என்பதால் மற்ற மருத்துவர்கள் கூசாமல் குறைத்து எழுதுவார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும். அக்கா படிவத்தோடு என் மேசைக்கு வந்தார்.

“தங்கச்சி, உதுக்கு என்ன எழுதிறது?”

“உள்ளதை எழுதுங்கோ அக்கா.”

வேறென்ன சொல்வேன்? அகதி விசாரணையில் ஒரு திகதி மாறினாலே பொய்யர் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என நடுங்கிக்கொண்டு வந்த சனம் நாங்கள். படிவத்தைக் கண்டால் கை தானாக உண்மையை எழுதும். தன் நோயாளிகள் வயதானவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள், நாலைந்து நோய் வருத்தம் ஒன்றாக உள்ளவர்கள், அவர்களுக்குக் கூடுதல் நாள் தேவைப்படும் என்று அக்கா விளக்கமாக எழுதிக் கொடுத்தார்.

குழுவில் அவருடைய திறமையை ஒருவரும் குறை சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டிய தலைவர், நல்ல மருத்துவர்தான், ஆனால் இவருடைய நோயாளிகள் நமக்குக் கட்டுப்படியாகாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சொன்னதைச் சொன்னபடியே அடித்து வைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியின் சட்டத்தரணி அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டு வந்தார். தகுதியான மருத்துவரைச் செலவுக்காக, அதுவும் இப்படிப்பட்ட நோயாளிகளின் செலவுக்காக, மறுத்தோம் என்று எழுத்தில் இருந்தால் மேன்முறையீட்டில் தோற்போம், மனித உரிமை வழக்கும் வரும் என்றார். மறுத்தது பிழை என்று அவர் சொல்லவில்லை. எழுதியதுதான் பிழையாம்! ‘அந்தப் பிரிவுக்கு இப்போது இன்னொரு மருத்துவர் தேவையில்லை’ என்று மாற்றி அடித்தேன். பழைய தாளை, கடதாசியைத் துண்டு துண்டாக்கும் மெஷினுக்குள் விட்டதும் நானேதான். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

இரண்டு கிழமை கழித்து அக்கா கடிதத்தோடு வந்து நின்றார்.

“தங்கச்சி, ஆள் தேவையில்லையாம். நான் நம்பேல்லை. அப்பீல் பண்ணப்போறன், லோயரோடையும் கதைச்சிட்டன். நீர் உள்ளுக்கை இருந்தனீர்தானே, உந்தக் காரணத்தைத்தான் கதைச்சவையோ?”

என் கணவருக்கு அப்போது வேலை இல்லை. அது ஒரு காரணம். நான் பயந்தாங்கொள்ளி என்பது மற்றக் காரணம். இதை எழுதும்போதே என்மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

“ஓம் அக்கா. உந்தக் காரணத்தைத்தான் கதைச்சவை.”

அவர் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“வெள்ளைக்காரர் சொன்னால் விட்டிருக்கமாட்டன். எங்கட பிள்ளை நீர் சொல்லுறீர், பிறகென்ன? லோயருக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்.”

எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.