ஜுமைலா மீண்டும் அளந்த ஏலச்சரிவு

என் அண்ணன் மறைந்தபின் மட்டாஞ்சேரி ஏலக்காய்க் கடையை அவர் மகன் பரீத் நடத்துகிறான். அவன் தங்கை ஜுமைலா இடப்பள்ளியில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருக்கிறாள். மலைச்சரிவுகள் எவ்வளவு மழைநீரைத் தேக்குகின்றன, எவ்வளவு மண்ணை அரிப்பிலிருந்து காக்கின்றன என்பதைச் செயற்கைக்கோள் படங்களாலும் கணினி மாதிரியாலும் மதிப்பிடுவது அவள் பணி. ஒரே வீட்டில் இருந்த இருவரும் பிரிந்த விதத்தை, அவர்களைத் தனித்தனியே கேட்டு உறுதிசெய்துகொண்டு எழுதுகிறேன்.

இடுக்கி மலையில் பரீத்துக்கு ஏலத்தோட்டம் உண்டு. சென்ற ஆண்டு நிலையம் செய்த முதல் மதிப்பீட்டில், அத்தோட்டம் அடர்காட்டுக்கு இணையாக நீரைத் தேக்குவதாக வந்தது. காட்டுக்குக் கேடில்லாத தோட்டங்களிடம் மட்டுமே வாங்கும் ஒரு வெளிநாட்டு வியாபாரி, இறுதி அறிக்கையும் அதையே சொன்னால் ஒப்பந்தம் என்றார். பரீத் அதற்குள்ளாகவே கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாயா வாங்கிக் கொடுத்தான்.

ஜுமைலா படங்களின் தேதிகளைப் பார்த்தாள். அனைத்தும் கோடையில் எடுத்தவை. மழைக்காலப் படங்களை மேகம் மறைத்துவிடும் என்று யாரும் சேர்க்கவில்லை. ஏலக்காய்க்காரர் வீட்டில் பிறந்தவளுக்குப் பிழை உடனே புரிந்தது. மழைக்குச் சற்று முன், செடிக்கு வெளிச்சம் வேண்டி நிழல்மரங்களின் கிளைகளைக் கழிப்பது தோட்டத்து வழக்கம். கோடையில் தெரிந்த பசுங்கூரை, மழை விழும்போது அங்கே இருப்பதில்லை. மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டாள். அந்த மலையில் அளந்த எல்லாத் தோட்டங்களின் மதிப்பும் இறங்கியது. பரீத்தின் தோட்டம் கடைசிக்குப் போயிற்று.

இரவுச் சாப்பாட்டின்போது அவன் ஆரம்பித்தான்.

“எல்லாரும்தான் கொம்பு வெட்டுறாங்க. உன் கண்ணுல என் தோட்டம் மட்டும்தான் பட்டுதா?”

“எல்லாத்தையும் பாத்தாச்சு இக்கா. மரத்த மொட்டையடிச்சது நீங்க மட்டும்தான்.”

“அத்தா காட்டித் தந்த தொழில வச்சு எனக்கே குழி வெட்டுற. இந்த வீட்டுச் சோறு இறங்குதாடீ உனக்கு?”

“இல்ல,” என்று சொல்லி அவள் கை கழுவினாள்.

மறுவாரமே சுள்ளிக்கலில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டாள். வியாபாரி வேறு தோட்டத்தைத் தேர்ந்தார். பெருநாளன்று அவள் கொண்டுவந்த பலகாரப் பாத்திரத்தைப் பரீத் திறக்காமலே திருப்பி அனுப்பினான்.

இந்த ஆண்டு அவன் கிளைகளை இன்னும் ஒட்ட வெட்டச் சொன்னான். “மேல இருந்து நல்லாப் பாக்கட்டும்” என்றானாம். ஜூன் மாதப் படம் வந்ததும் ஜுமைலா பார்த்துக் கணக்கிட்டாள். தங்கையின் கோபம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென, அந்த ஒரு சரிவை மட்டும் தனியே மதிப்பிடும்படி உடன் பணிபுரியும் சுதீரிடம் ஒப்படைத்தாள். அவர் கண்ட மதிப்பு அவளுடையதைவிடக் குறைவு. அதையே இந்த ஆண்டு அறிக்கையில் சேர்த்து அனுப்பினாள்.