ஹீரோவைத் திட்டிய மேட்னி ஷோ

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிவதற்குள்ளேயே என் மகள் செல்வி போனைக் கொண்டுவந்து நீட்டினாள். எங்கள் தியேட்டரில் அன்று போட்ட காட்டுப் படத்தை யூடியூபில் ஆளாளுக்குக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை, சண்டை இல்லை, ஒரே ஆள் வழி தெரியாமல் அலைகிறான், தூக்கம் வருகிறது என்று.

இந்தப் படமும் படுத்துவிட்டால் தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்கச் சம்மதிப்பதாகச் செல்விக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். படத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. போஸ்டர் ஒட்டி, டிக்கெட் கிழித்து, ஆபரேட்டராகி, கடைசியில் அந்தத் தியேட்டரையே வாங்கியவன். திருத்துறைப்பூண்டியில் இப்படி இன்னொரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். ஷோ நடக்கும்போது நான் திரையைப் பார்க்க மாட்டேன், சீட்டைத்தான் பார்ப்பேன். அங்கங்கே செல்போன் வெளிச்சம் தெரிந்தால் படம் அவுட்.

மேட்னிக்கு, நடவு முடித்த கையோடு பெண்கள் ஒரு லோடு ஆட்டோ நிறைய வந்து இறங்கினார்கள். நான் கதவோரம் நின்றேன். திரையில் ஹீரோ ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டு, ஓடையை விட்டு மேட்டைப் பார்த்து நடந்தான்.

நடவு ஆட்களைக் கூட்டிவந்த பாக்கியம் குரல் கொடுத்தார். "டேய், தண்ணி போற பக்கமா நடடா. அதப் புடிச்சிப் போனா ஊரு வராமலா போயிடும்?"

"மேட்டுல என்ன, அவன் மாமியா வீடா இருக்கு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். பிறகு ஹாலே சேர்ந்து திட்டியது.

செல்வி வந்து என் காதில் சொன்னாள். "இங்கயும் ஆரம்பிச்சிட்டாங்கப்பா. மண்டபத்துக்கு இன்ஜினியர வரச் சொல்லவா?"

"இருடி. எங்கயாச்சும் ஒரு செல்போன் வெளிச்சம் காட்டு பாப்போம்."

தேடினாள். ஒன்றுகூட இல்லை.

ஆனாலும், படம் விட்டதும் பாக்கியம் நேரே என்னிடம் வந்தபோது, டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ஏன் மொதலாளி, இப்படி ஒரு கூறுகெட்டவனக் காட்டுக்குள்ள விட்டிருக்கீங்க? அவன் வீடு போய்ச் சேந்தப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. நாளைக்குக் கீழ்வேளூர்லேருந்து எங்க அக்காவக் கூட்டியாறேன். அவளும் ஒரு வாட்டி திட்டட்டும்."

எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படத்தைத் திட்டினால் பயப்படுங்கள். படத்துக்குள் இருக்கிற ஆளைத் திட்டினால், நிம்மதியாக டீ குடியுங்கள்.

மறுநாள், செல்வி எனக்குத் தெரியாமல் முன்பே சொல்லிவைத்திருந்த இன்ஜினியர் மண்டபத்துக்கு அளவெடுக்க வந்தார். அவரை அவளே வாசலில் நிறுத்தினாள். "உள்ள ஷோ ஓடுதுங்க. டிக்கெட் வேணா தரட்டுமா?"