மேலூர் சைக்கிளின் நம்பர்

காலை ஆறரைக்கு ஆனையூரில் பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் மாறினேன். அங்கிருந்து மேலூருக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். அறுபது வயதில் பழைய சைக்கிளுக்காக அலைகிறேனே என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்ளட்டும். பழைய சாமான் கடையில் வாங்கிய நம்மூர் வண்டி ஒன்று வீட்டில் இருக்கிறது; அதே கம்பெனி இங்கிலாந்தில் செய்த வண்டி ஒன்று எனக்கு வேண்டும். பத்து வருடப் பித்து இது.

எட்டே கால். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர். கிரானைட் லாரி ஓட்டும் கருப்பையா வாசலிலேயே நின்றார். போனிலேயே பேச்சு முடிந்திருந்தது. அதையே மறுபடி சொன்னார்.

"சீமை வண்டின்னா வீட்லயே கெடக்கட்டும்ணே. நம்மூரு வண்டின்னா எடத்த அடைச்சுக்கிட்டு எதுக்கு? நீங்க எடுத்துக்கங்க."

அது சீமை வண்டியாக இருக்க வேண்டும். ஆனால் அவருக்குத் தெரியக் கூடாது. பஸ்ஸில் வரும்போதே என் புத்தி அப்படித்தான் போயிற்று.

எந்த ஊரில் செய்தது என்று காட்டும் நம்பர் சீட்டுக்குக் கீழே பைப்பில் இருக்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அவர் அப்பா புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார். பச்சை, நீலம், மறுபடி பச்சை. சுரண்டிக்கொண்டே கதை சொன்னேன். இங்கிலாந்தில் ஒரு பட்டறையில் தொடங்கிய கம்பெனி. வண்டிகள் கப்பலில் வந்தன. பிறகு அதே பெயரில் இங்கேயே தொழிற்சாலை வந்தது. அங்கே மூடிவிட்டார்கள். இன்று பெயரை மட்டும் ஒருவர் மாற்றி ஒருவர் வாங்குகிறார்கள்.

ஒன்பதரைக்கு இரும்பு தெரிந்தது. நம்பர் இல்லை! அரத்தால் ராவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உளியால் "பெரி. சின்னையா" என்று வெட்டியிருந்தது.

கருப்பையா சிரித்துவிட்டார். "எங்கப்பா வேலைதான். அவரு பேருதான் அது. நம்பர் இருந்தா களவாணிப் பயலுக அதவச்சே ரசீது போட்டுருவாய்ங்கன்னு சொல்வாரு."

பாவி மனுஷா, இருந்த ஒரே சாட்சியையும் அழித்துவிட்டாயே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"இப்ப என்னண்ணே செய்ய? நீங்க சொன்னாச் சரிதான்."

நம்மூர் வண்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. அவர் அந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு வண்டின்னு எனக்குத் தெரியலப்பா."

"அப்ப எங்கப்பா வண்டிதான்" என்று உள்ளே உருட்டிக்கொண்டு போனார். பிறகு சோறு போடாமல் அனுப்பவில்லை.

மாலை நான்குக்கு வீடு வந்தேன். "எங்கே சைக்கிள்?" என்றாள் மனைவி. பழைய சாமான் கடையில் நான் வாங்கிய வண்டியின் சீட்டுக்கடியில் குனிந்து பார்த்தேன். நம்பர் அழியாமல் பளிச்சென்று இருந்தது. யாருடைய வண்டி என்றுதான் எங்கும் இல்லை.