மழை தாங்காத பெட்டி

உள்ளங்கையை அவள் வைப்பதில்லை. விரல்களை லேசாக மடக்கி, காய்ச்சல் கண்ட குழந்தையின் கழுத்தில் வைப்பதுபோலப் புறங்கையைத்தான் வைப்பாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தில், சூடான காற்று வெளியேறும் துளைகளுக்கு நேரே. கண்கள் பாதி மூடியிருக்கும். பிறகு தீர்ப்பு வரும். "இன்னிக்குப் பரவாயில்ல, தாங்கும்." அல்லது, "கொதிக்குது. ஃபேனைக் கொண்டாங்க."

அந்த வீட்டில் இருப்பது ஒரே மேஜை விசிறி. அதன் முன்னால் கணவர் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருப்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் கிணறுபோன்ற இடத்தில் கம்பியும் கிரீஸுமாக நின்றுவிட்டு வந்தவர், காற்றுக்கு ஏங்கியிருப்பார். ஆனாலும் எழுந்துவிடுவார். இடது கையால் விசிறியைத் தூக்கிப்போய்ப் பெட்டியின் எதிரில் வைப்பார். பெட்டியின் பக்கத் தகடு கழற்றப்பட்டு எத்தனையோ நாளாகிறது. வயிற்றைத் திறந்துபோட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் அது. "இந்த வீட்டுக்கு மாப்பிள்ளை அதுதான். நான் சும்மா கூட வந்தவன்" என்று முணுமுணுத்துவிட்டு, மிச்சச் சோற்றை வியர்வையோடு சாப்பிட்டு முடிப்பார்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கும் வந்துவிடும். திரையில் இரண்டு சாம்பல் நிறங்களைக் காட்டி அதையே கேட்பாள். கணவருக்கு இரண்டும் ஒரே சாம்பல்தான். "ரெண்டாவது" என்று பொதுவாகச் சொல்லிவைப்பார். சில நாள் அவள் வேண்டுமென்றே ஒரே நிறத்தை இரண்டு தடவை காட்டுவாள். அன்றைக்கு அவர் மாட்டிக்கொள்வார்.

அவள் கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்த பொம்மைப்படம் பிறந்ததும் அந்தக் கடையில்தான். ஒரு மழை நாளில் யாரோ ஒருவர் தன் கறுப்புக் குடையை மூலையில் சாய்த்துவைத்துவிட்டு, மழை விட்டதும் மறந்து போய்விட்டார். திரும்பி வரவேயில்லை. அந்தக் குடையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அது எழுந்து தன் ஆளைத் தேடித் தெருத்தெருவாக நடந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றிவிட்டது. எங்கெங்கோ பாடங்கள் பார்த்து, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டு, குடைக்குக் கால் இல்லாமலே நடை கொடுத்தாள். வெயிலில் அது அழகாக நடந்தது. படி ஏறியது. ஒரு நாயைப் பார்த்துப் பயந்து சுருங்கியது.

சிக்கல் மழையில் வந்தது. ஒவ்வொரு துளியையும், அது தரையில் பட்டுத் தெறிப்பதையும், அதில் விளக்கு வெளிச்சம் உடைவதையும் பெட்டி தனித்தனியாகக் கணக்குப் போட்டாகவேண்டும். மகளின் பள்ளிப் பாடத்துக்காக என்றைக்கோ வாங்கிய பெட்டி அது. நாலு தூறல் போடும். அப்புறம் மூச்சுவாங்கிப் படுத்துவிடும். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், வாயும் வளர்ந்திருக்கிறது. "பேசாம வெயிலுக்குப் பிடிக்கிற குடைன்னு வெச்சிடும்மா, செலவு மிச்சம்" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. மழையில்தான் குடை தன் ஆளைக் கண்டுபிடிக்கிறது. மழை இல்லாவிட்டால் அது தெருவில் அலைகிற ஒரு குடை, அவ்வளவுதான்.

பெட்டி மழையோடு மல்லுக்கட்டும் நாட்களில் வீட்டில் இஸ்திரிப்பெட்டி போடக்கூடாது என்று சட்டம். போட்டால் மின்சாரம் ஒரு கணம் தளரும். அரை நாள் வேலை போச்சு. அதனால் கணவர் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போவார். அதைப் பார்த்ததுமே கூட வேலைசெய்கிறவர்கள், "என்னண்ணே, வீட்ல மழையா?" என்று கேட்பார்கள்.

மழையைத் தாங்குகிற பெட்டி ஊரில் இருந்தது. கடைத்தொகுதி ஒன்றின் மூன்றாம் மாடியில், கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடிக்குப் பின்னால். கன்னங்கரேலென்று, உள்ளே நீல வெளிச்சத்தோடு. பக்கத்துத் திரையில் கடல் ஓயாமல் அலையடித்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அங்கே போவாள். சற்று நேரம் கடலைப் பார்ப்பாள். விலை கேட்பாள். விற்பனையாளர் அதே விலையைச் சொல்வார். அந்தக் காசுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன லிஃப்ட் போட்டுவிடலாம் என்பது கணவரின் மதிப்பீடு.

ஒரு தடவை விற்பனையாளர் மனம் இளகி உண்மையைச் சொல்லிவிட்டார். "இது வீட்டுக்கு இல்லக்கா. கம்பெனிங்க வாங்குறது. அவங்க வரியில கழிச்சுக்குவாங்க, நாலு வருஷத்துல தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குவாங்க. வீட்டுக்குன்னா இந்தப் பக்கம் இருக்கு பாருங்க. கேம் ஆடலாம், படம் பாக்கலாம்."

"பாக்கிறதுக்கு இல்ல தம்பி, நான் படம் எடுக்கிறேன்" என்றாள் அவள். அன்றைக்கு வீட்டில் இதைச் சொல்லிக் காட்டினாள். ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டதுபோல இருந்ததாம்.

நூலகத்தின் கூடத்தில் குழந்தைகளுக்காகச் சின்னப் படங்கள் போடப்போகிறார்கள், மாதக் கடைசிக்குள் அனுப்பலாம் என்று அறிவிப்பு வந்தபோது அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மழைக்காட்சியை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வாங்கத்தான் முடியாது, ஒரே ஒரு தடவை அந்தக் கறுப்புப் பெட்டியில் ஓட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுப்பார்ப்பதில் என்ன தப்பு? கணவரும் யோசித்துவிட்டு, "கேளேன். மிஞ்சிப்போனா முடியாதும்பான்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை சீக்கிரமே திரும்பிவிட்டாள். பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கிறதாம், இன்றைக்குத் திறக்க முடியாதாம். அவ்வளவுதான் சொன்னாள். கணவர் ஆறுதலாக, அடுத்த வாரம் போய்ப் பார்க்கலாம் என்றார். "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். ஆசையாசையாகக் காத்திருந்தவள் ஒரே நாளில் எப்படி இப்படி விட்டுவிட்டாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் மழையை முழுக்க அழித்தாள். பார்வையைக் குடைக்கு உள்ளே கொண்டுபோனாள். விரிந்த கறுப்புத் துணி, எட்டுக் கம்பிகள், அதன்கீழ் ஒரு ஆளின் தோள். ஒரு துளிகூடத் தெரியாது. துணி மட்டும் அங்கங்கே நடுங்கும். மழை சத்தமாக மட்டும் இருக்கும்.

சத்தத்துக்கு ஆள் வேண்டுமே. குளியலறையில் ஷவருக்குக் கீழே, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, விரித்த குடையோடு லிஃப்ட் மெக்கானிக் நின்றார். அவள் கதவிடுக்கில் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தாள். "அசையாதீங்க. மூச்சும் விடாதீங்க" என்று உத்தரவு. மகள் வெளியே விழுந்து விழுந்து சிரித்த சிரிப்பும் பதிவாகி, மறுபடி முதலிலிருந்து நின்றார். பிறகு அவள் இரண்டு சத்தங்களைப் போட்டுக்காட்டி, இது தெளிவா, அது தெளிவா என்றாள். முதல்முறையாக அவருக்கு வித்தியாசம் தெரிந்தது. முதலாவது, என்றார். ஷவரை இன்னும் கொஞ்சம் குறைத்து நின்ற தடவை அது.

படத்தை அனுப்பினாள். எடுத்துக்கொண்டார்கள். கூடத்தில் அந்தக் காட்சி வந்தபோது, பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இவள் அதைத் தன் கணவரிடம் கண்ணால் காட்டினாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் அந்தக் கடைத்தொகுதியில் லிஃப்ட் நின்றுவிட்டது. பழுதுபார்க்கப் போனவர் அவர்தான். மூன்றாம் மாடியில் வேலை முடிந்து கை துடைத்துக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் கடையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் பெட்டியை விற்பனையாளர் ஒற்றைக் கையால் அநாயாசமாகத் தூக்கி ஓரமாக வைத்தார். கனமான சாமான்களோடே பிழைப்பு நடத்துகிற மனிதருக்கு அது உறுத்தியது. இன்னாரின் கணவர் என்று சொல்லிவிட்டு, அதைப்பற்றிக் கேட்டார்.

விற்பனையாளர் முதலாளியின் அறைப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்லண்ணே. வெறும் கூடு, லைட்டு மட்டும்தான். நிஜப் பெட்டியை வெச்சா அவ்வளவு காசும் சும்மா நிக்கும்ல. கடலு அந்த டிவியிலேயே ஓடுது."

"அவளுக்கு இது தெரியாதே" என்றார் கணவர்.

"தெரியும்ணே. அன்னிக்குப் பென் டிரைவ் கொண்டுவந்தாங்கல்ல, நான் ஏதோ பாஸ்வேர்டு அது இதுன்னு உளறிட்டிருந்தேன். முதலாளி பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு. அக்கா பெட்டிக்குப் பின்னாடி போய், கையை இப்படித் திருப்பி வெச்சுப் பாத்தாங்க." விற்பனையாளர் தன் புறங்கையைக் காட்டினார். "அங்க சூடே இருக்காதுல்ல. எனக்கு உயிரே போச்சு. அப்புறம் பின்பக்கம் இருந்த தூசியை முந்தானையால துடைச்சு விட்டுட்டு, முதலாளிக்குக் கேக்கிற மாதிரி, 'விலை இன்னும் அதேதானா தம்பி?'ன்னாங்க."