நாலு ரிவர்ஸ் கியர்

முன்னால் போக ஒரே ஒரு கியரும் பின்னால் போக நாலு கியரும் உள்ள ஸ்போர்ட்ஸ் காரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்ன, செய்தே இருக்கிறேன். அறுபதுகளின் நடுவில், தாராவியில் ஒரு தகரக் கொட்டகையில், இந்தக் கையால்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எஞ்சினியரிங் டிப்ளமா முடித்துவிட்டு மாட்டுங்கா வீட்டில் அப்பாவின் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். “எங்கயாவது போய் கையில கிரீஸாவது பூசிண்டு வா. ஆத்துல உக்காந்து பேப்பரைத் தேய்க்காதே” என்று அவர் விரட்டியதில் அந்த ஒர்க்‌ஷாப்பில் போய் விழுந்தேன். அங்கே எல்லாமே மிஸ்திரிதான், அதாவது தலைமை மெக்கானிக். மிஸ்திரி என்றதும் நரைத்த மீசையை நினைக்காதீர்கள். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவன், திருநெல்வேலிப் பக்கம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. எனக்கோ இங்கிலீஷை விட்டால் வேறொன்றும் தெரியாது. ஆக, இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு மெக்கானிக் என்று ஒர்க்‌ஷாப் முதலாளி கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

மிஸ்திரிக்குக் கல்யாணமாகிப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. மனைவியும் குழந்தையும் ஊரில். இவன் கொட்டகையிலேயே, டயர் அடுக்கின் பக்கத்தில் பாயை விரித்துப் படுப்பவன். குழந்தையைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறான். “ஒரு ரூம்பு மட்டும் கெடைச்சிட்டா அடுத்த ரயில்ல கூட்டியாந்துருவேம்ல” என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வான். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வீடு இருப்பவனுக்கு அந்தப் பேச்சு அலுக்கத்தான் செய்யும்.

அப்படியிருக்கும்போதுதான் மேனேஜர் வந்தார். செம்பூரில் ஒரு லாரி கம்பெனியின் கராஜ் அவர் பொறுப்பில் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார துரை ஒருவர், கூரையில்லாத இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பளிச்சென்று புது ஹெட்லைட் வேண்டுமாம். புனா ரோட்டில் பறக்கிற மாதிரி பின்பக்கப் பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டுமாம். ஐம்பது வயதில், வழுக்கைத் தலையோடு, எங்கே பறக்கப் போகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஏனென்றால் அவர் அடுத்து சொன்னது அப்படி.

“எங்க கராஜுக்கு ஒரு ஹெட் மெக்கானிக் வேணும். பர்மனென்ட் வேலை. கராஜுக்குப் பின்னாடியே குவார்ட்டர்ஸ் ரூம். இந்த வண்டிதான் ஒனக்குப் பரீட்சைன்னு வெச்சுக்கோயேன்” என்றார் மிஸ்திரியிடம்.

அவர் போனதும் மிஸ்திரி அந்தக் காரின் பானட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வண்டியை அவரைத் தவிர வேறு யாரும் ஓட்டக் கூடாது. ஒரு அடிகூட. ஆகவே அந்தப் பறக்கும் காரை நாங்கள் இரண்டு பேரும் மாடு மாதிரி தள்ளித்தான் உள்ளே கொண்டுபோனோம்.

முதலில் ஹெட்லைட். சோர் பஜாரில் தேடி ஒரு ஜோடி அமெரிக்க லைட் வாங்கி வந்தோம். கதவைச் சாத்திவிட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தால் கண் கூசுகிறது. மிஸ்திரிக்கு ஏக குஷி. நான்தான் கவனித்தேன்: லைட்டைத் தாழ்த்தினால் வெளிச்சம் வலது பக்கமாகச் சாய்ந்தது. அமெரிக்காவில் வண்டி வலது பக்கம் போகிறது, எதிரே வருபவன் இடது பக்கம் வருவான். அதற்கேற்ற கண்ணாடி. இதை இங்கே மாட்டினால் எதிரே வருகிற லாரிக்காரன் கண் அவிந்துபோகும். நான் இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். மேனேஜர் அன்றைக்குப் பார்த்து எட்டிப் பார்க்க வந்தவர், “பலே, மூளைக்காரன்” என்று என் முதுகில் தட்டினார். லைட்டைத் திருப்பிக் கொடுத்து நம் ஊர் ரோட்டுக்குத் தகுந்த ஜோடியை வாங்கி மாட்டினோம். இடது எது, வலது எது என்று உலகத்துக்கே வகுப்பெடுக்கத் தகுதி வந்துவிட்டதாக நான் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பிறகு பின்பக்கம். எஞ்சின் சுழற்சி ஒரு நீளத் தண்டு வழியாகப் பின்னால் வந்து ஒரு சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றும். அது சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். அதிலிருந்துதான் பின் டயர்கள் சுற்றுகின்றன. அந்தப் பெரிய சக்கரம் சின்னதுக்கு இடது பக்கம் நிற்க வேண்டும். வலது பக்கம் நிறுத்தினால் எல்லாம் தலைகீழாகச் சுற்றும். இவ்வளவுதான் விஷயம். குர்லாவில் உடைத்துப் போட்ட ஒரு வண்டியிலிருந்து வேகமான ஜோடி கிடைத்தது. அதை மூடுகிற இரும்புக் கூடு இரண்டாக உடைத்த தேங்காய் மாதிரி இரண்டு பாதி. ஒன்றை மேஜையில் எனக்கு முன்னால் வைத்திருந்தேன், இன்னொன்றைப் பின்னால், சுவரோரம்.

மிஸ்திரி காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து துரு ஏறிய போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அங்கிருந்தே கத்தினான்: “ஏலே! பெரிய சக்கரத்த பீச்சாங்க பக்கம் பாத்து மாட்டு!”

இங்கே நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் இடது கை என்றால் இடது கை. அந்தக் கை செய்கிற காரியத்தை வைத்து அதற்குப் பெயர் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. என் காதில் விழுந்தது ‘பீச்சே’. ஹிந்தியில் பின்னால். மிஸ்திரிதான் பாதி ஹிந்தி பேசுகிறவனாயிற்றே, ஸ்பானரைப் பானா என்பான், கதவை தர்வாஜா என்பான். பீச்சே பக்கம் என்கிறான் என்று பின்னால் கிடந்த பாதிக்குள் சக்கரத்தைப் பொருத்தினேன். அது வலது பாதி.

சந்தேகம் வராமல் இல்லை. அந்த ‘ங்க’ எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கேட்டிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் “வெஞ்சனம்னா என்னடா?” என்று கேட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது என்றுகூடத் தெரியாதா என்று கொட்டகையே சிரித்தது. “தமிழ் தெரியாத தமிழன்ல இவன்! மாட்டுங்கா தொரை!” என்று மிஸ்திரி கண்ணில் நீர் வரச் சிரித்தான். மறுபடியும் அசடு வழிய எனக்கு மனசு வரவில்லை. காருடைய இங்கிலீஷ் புத்தகம் என் கக்கத்திலேயே இருந்தது. அதைப் பிரித்திருந்தால் படம் போட்டே காட்டியிருக்கும். டிப்ளமாக்காரன் புத்தகத்தைப் பிரிப்பானா?

மூடி முறுக்கி, காரைப் பின்னால் ஜாக்கி வைத்துத் தூக்கி, எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். சக்கரம் நன்றாகவே சுற்றியது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனேஜர் தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் வந்தார். காரைத் தள்ளிக் கொட்டகை வாசலில், முகம் ரோட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தோம். மிஸ்திரி சலவைச் சட்டை போட்டிருந்தான். மேனேஜர் ஏறி உட்கார்ந்து, முதல் கியரைப் போட்டு, பறக்கிற எண்ணத்தில் காலை அழுத்தினார். கார் பறந்தது. பின்னால். கொட்டகைக்குள் புகுந்து, மிஸ்திரியின் பாயைத் தாண்டி, டயர் அடுக்கில் போய் முட்டி நின்றது. டயர்கள் ஒவ்வொன்றாக அவர் மடியில் விழுந்தன. தொப்பி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. ஹெட்லைட் மட்டும் அருமையாக எரிந்துகொண்டிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். பாவி, சிரித்தேன். மிஸ்திரியின் முகத்தைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. அவனுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது, எது எங்கே தப்பாகப் பொருந்தியிருக்கிறது என்று.

மேனேஜர் இறங்கி வந்தார். அடி ஒன்றும் இல்லை, மானம்தான் போயிருந்தது. மூச்சு வாங்கக் கேட்டார்: “அன்னிக்கு லைட் கோளாறைக் கண்டுபிடிச்சது நீதானே?”

“நான்தான் சார்.”

“பின்னாடி இதை மாட்டினது யாரு?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள், “நாந்தான் சார்” என்றான் மிஸ்திரி. என் வாய் இன்னும் திறந்தே இருந்தது. மூடிக்கொண்டேன்.

“இடது வலது தெரியாதவனை நம்பி அறுபது லாரியை விடச் சொல்றியா?” என்று அவனிடம் சீறிவிட்டு, மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “நீ வா செம்பூருக்கு. சர்ட்டிபிகேட்டை எடுத்துண்டு வா.”

அவர் டாக்சி பிடித்துப் போன பிறகு, “ஏண்டா நீ மாட்டினேன்னு சொன்னே?” என்று கேட்டேன். கோபம் மாதிரி கேட்டேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

“பின்ன என்ன சொல்ல? இங்கன மிஸ்திரி நாந்தானல. நீ மாட்டினா என்ன, நான் மாட்டினா என்ன, பொறுப்பு என்னதுதான” என்றான். “ஒனக்கு வெளங்குத மாதிரி நாந்தான் சொல்லிருக்கணும்.” பிறகு பானாவை எடுத்துக்கொண்டு மறுபடி காருக்கு அடியில் போனான். அன்று சாயங்காலத்துக்குள் சக்கரத்தை இடது பக்கம் மாற்றிவிட்டான்.

நாளைக்குப் போய் மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று ஒரு வாரம் நினைத்தேன். தினமும் மிக நேர்மையாக நினைத்தேன். எட்டாம் நாள் வேலையில் சேர்ந்தேன். அப்பா பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்தார்.

குவார்ட்டர்ஸ் சாவி கிடைத்த அன்று என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வர மிஸ்திரியே வந்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தான். ஜன்னலைத் திறந்து மூடினான். சமைக்கிற மூலையில் குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான். உத்தரத்தில் ஒரு இரும்பு வளையம் இருந்தது.

“தொட்டில் கட்டுத வளையம்ல. நல்ல கனமாத்தான் இருக்கு” என்றான். “சீக்கிரம் கல்யாணத்தப் பண்ணு.”

பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டான். என் மூன்று பிள்ளைகளும் அந்த வளையத்தில் கட்டிய தொட்டிலில்தான் தூங்கினார்கள். அவன் மனைவியையும் குழந்தையையும் எப்போது அழைத்து வந்தான், அழைத்து வந்தானா என்பதை நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.