பையில் இருந்த நான்கு பல்

1997 ஜனவரி 14, காலை ஒன்பது இருபது, தூறல். சான்டா கிளாராவில் மகனோடு எலும்பு டாக்டருக்காகக் காத்திருந்தேன். எதிரே ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு ஃபின்லாந்துக்காரர், முழங்காலில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தார். ஐஸ் ஹாக்கி ஆடுவதுதான் அவருக்குப் பிழைப்பு. மேல்வரிசையில் நான்கு பல் இல்லை.

"பல்லெல்லாம் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன்.

"அப்பா, சும்மா இருங்க! டிஸ்டர்ப் பண்ணாதீங்க," என்றான் மகன்.

அவர் சிரித்தார். "பையில இருக்கு, சார். ஆடப் போறப்ப கழற்றிடுவோம். டாக்டர் சரின்னா இங்கேர்ந்து நேரா பிராக்டிஸ்."

"இல்லேன்னா?"

"முப்பத்தாறு வயசாச்சு. இல்லேன்னா அவ்வளவுதான்."

உள்ளே போனவர் பத்து நிமிடத்தில் வந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, சின்ன டப்பாவைத் திறந்து, பல்செட்டை நிதானமாகப் பொருத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து முழு வரிசையும் தெரியச் சிரித்துவிட்டு நொண்டியபடியே போனார். அந்த நேரத்தில் அவரால் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்து நான். "மூட்டில் ஒன்றுமில்லை, தாராளமாக நடங்கள்," என்றார் டாக்டர். அந்த ஹாக்கிக்காரர் கேட்க வந்த சேதி எனக்குக் கிடைத்தது. அதற்கு எண்பத்தைந்து டாலர் கட்டினேன்.