விடுபட்ட ஒரு வரி

எதிர்வீட்டுப் பெரியவர் மருந்துப் புட்டியின் சீட்டுக்கு அடியில் அடிக்கோலை வைத்து ஒரு வரியைப் படிக்கிறார். கோலை ஒரு வரி கீழே இறக்குகிறார். சந்தேகம் வந்து, மறுபடி மேலே ஏற்றுகிறார். "சாப்பாட்டுக்குப் பின்... சாப்பாட்டுக்குப் பின்..." மருந்து குடிக்க வேண்டிய அவர் மனைவி, தம்ளரும் கையுமாகப் பக்கத்தில் நிற்கிறார். "இவரு படிச்சு முடிக்கறதுக்குள்ள வலியே போயிடும். அப்புறம் மருந்து எதுக்கு?" என்கிறார் என்னிடம். பன்னிரண்டு வருடமாக நான் எதிர்வீட்டுக்காரன். இந்தப் பேச்சைத் தினமும் கேட்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை, சோப்பு உறை, வாசலில் ஒட்டிய நோட்டீஸ் எதுவானாலும் அடிக்கோல் இல்லாமல் படிக்கமாட்டார். ஒரு தடவை பேருந்தின் பெயர்ப்பலகைக்கு நேராக அந்தரத்தில் கோலைப் பிடித்தார். பேருந்து கிளம்பிப் போயே விட்டது. "போனா போகட்டும் சார். அடுத்த பஸ்ஸுலயும் இதே எழுத்துதானே?" என்றார்.

நகராட்சி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரைக் கூப்பிடுவது 'பேர் வெச்சவர்' என்று. பிள்ளையில்லாத மனிதருக்கு இப்படி ஒரு பட்டப்பெயரா என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் பெயர் வைத்தது இந்த ஊருக்கு.

நாற்பது வருடத்துக்கு முன்னால், நாட்டை நடத்திய பெருந்தலைவர் ஒருவர் இந்த வழியாகப் போனார். ஊர் நாற்சந்தியில் கார் டயர் வெடித்தது. மாற்றுகிற வரை முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, எல்லோருக்கும் கை கொடுத்தார். இந்த ஊருக்கும் அவருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். அடுத்த வருடம் அவர் இறந்ததும், அந்த நாற்சந்திக்கு அவர் பெயரை வைக்க நகராட்சி தீர்மானம் போட்டது. சேர்மன் கைப்பட எழுதிய வரைவு டைப்புக்கு வந்தது. ஒரு வரி 'இந்நகர்' என்று முடிந்தது. அடுத்த வரி 'நடுவே அமைந்துள்ள நாற்சந்தி'. இடம் போதாமல் 'க்கு' மட்டும் மூன்றாம் வரிக்குப் போயிருந்தது. நம்மவர் கண் நடு வரியைத் தாண்டிவிட்டது.

'இந்நகர்க்கு இன்று முதல் தலைவரின் பெயர் சூட்டப்படுகிறது.'

இலக்கணப் பிழைகூட இல்லை பாருங்கள். சேர்மன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மேலிடத்தில் மகிழ்ந்துபோய் அரசிதழில் அச்சடித்துவிட்டார்கள். தப்பைச் சொல்லப் போய் நின்றவரிடம் சேர்மன் சொன்னாராம்: "இப்ப வேண்டாம்னா, தலைவர் பேரை நான் எடுத்துட்டேன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். வாயை மூடிட்டு வேலையைப் பாரு." அவரும் மூடிக்கொண்டார். 'மக்களின் பெருவிருப்பத்திற்கிணங்க' என்று நகர வரலாற்றில் இருக்கிறதே, அதை டைப் அடித்ததும் அவர்தான். தலைவரின் முழுப்பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. இன்றைக்கும் கண்டக்டர், "தலைவர் எல்லாம் இறங்கு!" என்று கத்துகிறார்.

இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். தங்கை பேச்சு வந்தால் சிரிப்பு நின்றுவிடும். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு கடல் கடந்து போன ஒரே தங்கை. "இனிமே இந்த வீட்டுல உனக்கு இடமில்லைன்னு சொல்லிட்டேன் சார். அப்பா மாதிரி பேசறோம்னு நினைப்பு." பெயர் மாறிய பிறகு, பழைய பெயர் எழுதி வந்த உறைகளை எல்லாம் 'இப்படி ஓர் ஊர் இல்லை' என்று முத்திரை குத்தித் திருப்பிவிட்டார் புதிதாக வந்த தபால் அதிகாரி. அதில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டியவையும் இருந்ததாகத் தபால்காரர் சொன்னபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. நீங்களாவது எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். "விலாசம் தெரியாது" என்றார்.

போன மாதம் ஒரு பெண் பேருந்தைவிட்டு இறங்கி, ஊரின் பழைய பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறாள். டீக்கடைக்காரர், "அப்ப நீங்க பேர் வெச்சவரைத்தான் பார்க்கணும்" என்று அனுப்பிவைத்தார். தங்கையின் மகள். பையிலிருந்து பதினோரு உறைகளை எடுத்து மேஜையில் வைத்தாள். எல்லாவற்றிலும் அதே முத்திரை.

"அம்மா வரமாட்டேன்னுட்டாங்க மாமா. நீங்க ஆபீஸ்ல சொல்லித்தான் இப்படிக் குத்தி அனுப்பினாங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருக்காங்க."

ஊர்ப்பெயர்க் கதையை நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப தப்பு உங்க மேல இல்லையே! இதை நீங்களே அம்மாகிட்டச் சொல்லுங்க மாமா" என்று போனைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும் விஷயம். மனைவி, "பேசுங்களேன்" என்று தோளைத் தொட்டார்.

"நான் அண்ணன் பேசறேன்" என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டதோ தெரியாது. மேஜைமேல் இருந்த உறைகளைப் பார்த்தார்.

"இதுங்க ஊர் பேர் மாறினதால திரும்பி வந்துச்சு. அது வேற. அதுக்கு முன்னாடி ரெண்டு லெட்டர் போட்டியே, அது சரியா வந்துச்சும்மா. நான்தான் பிரிக்காமலே கிழிச்சுப் போட்டேன். விலாசமும் அதோட போச்சு. இதுங்க வந்திருந்தாலும்..." குரல் நின்றது. "தெரியலைம்மா. கிழிச்சிருப்பேனோ என்னவோ."

அவர் மனைவிக்கே அது புதுச் செய்தி. தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். இந்த மனிதருக்கு எதற்கு இந்த நேரத்தில் இவ்வளவு உண்மை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். தங்கை மகள் மெல்லக் குனிந்து போனைப் பார்த்தாள். திரை அணைந்திருந்தது.

"மாமா, அம்மா வெச்சுட்டாங்க."

பேசாதே என்று அவளுக்கு ஒரு கையைக் காட்டிவிட்டு, போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.